417-ஆம் நம்பர் பச்சைக் கோட்டு

என் அன்பு வாயாடி மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், அதில் முக்கால்வாசி உண்மையும்கூட. நீ அங்கே தலைவலி காய்ச்சல் எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் சலவைக்கடைக் கதவைத் திறக்கும்போது எனக்கு முதலில் வரும் நினைப்பு. உன் அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க ஸ்டீம் பிரஸ் முன்னால் நிற்காதீர்கள், ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள் என்றால், உட்கார்ந்து தேய்த்தால் மடிப்பு நேராக விழாது என்று பழைய கம்பளி ஒன்றை நாலாக மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பிரஸ்ஸில் இடது பக்கம் ஆவி கசிகிறது, அதற்கும் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, ரிப்பேர் முடிந்தது என்கிறார். உன் தம்பி மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கடைக்குக் கூட்டி வந்தால் நேரே தொங்கும் துணிகளுக்குள் புகுந்து பாலித்தீன் உறைகளைப் பிடித்து இழுக்கிறாள், யார் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை, அச்சு அசல் நீதான். என் கண்ணுக்கு வரும் பதினான்காம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், முதலில் வலது கண், இரண்டு மாதம் கழித்து இடது. பயப்பட ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலையாம். இந்தக் கண்ணைப் பற்றிப் பின்னால் எழுத வேண்டியிருக்கிறது, இப்போதைக்கு இத்தோடு விடுகிறேன்.

போனில் சொன்னால் போதாதா, எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். இரண்டு தரம் போனில் சொல்லப் பார்த்தேன்டி. முதல் தரம் நீ ஏணி மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்றாய், கீழே விழுந்து தொலைக்கப் போகிறாய் என்று வைத்துவிட்டேன். இரண்டாவது தரம் நீயே கூப்பிட்டு, உன் கண்காட்சிக்கு அந்தப் பெரிய சேகரிப்பாளர் அம்மாள் வரச் சம்மதித்துவிட்டாள், பச்சைக் கோட்டை நேரில் பார்த்துப் பிடித்துவிட்டால் மற்ற துணிகளையும் மொத்தமாக அவளே எடுத்துக்கொள்வாள் என்று மூச்சு விடாமல் சொன்னாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மழையைப் பற்றி எனக்கு என்ன வந்தது. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் மழைக்கு ஓட முடியாது, அதனால்தான் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

போன வருஷம் நீ கேட்டாயே, கடையின் பின்னறையில் யாரும் திரும்ப வாங்காமல் தொங்குகிற துணிகளை எல்லாம் அனுப்பு என்று, அப்போது நானும் உன் அப்பாவும் சிரித்த சிரிப்பு உனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் என் கெட்டிக்காரத்தனமே கறை இருந்த இடம் தெரியாமல் எடுப்பதும், கிழிந்த இடம் தெரியாமல் இழை ஓட்டுவதும்தான். நீ என்னடாவென்றால், கறை இருந்தால் இருக்கட்டும், ஒட்டுத் தையல் தெரிந்தால் இன்னும் நல்லது, அக்குள் வெளுத்திருந்தால் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்கிறாய். நாங்கள் தெருவோரம் தூக்கிப் போட்ட ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அங்கே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். தங்கம் வாங்க வழியில்லாமல் பெண்கள் மார்பில் குத்திக்கொண்ட பிளாஸ்டிக் புரோச்சை வெல்வெட் பெட்டியில் வைக்கிறார்கள். பெயர் தெரியாத யாரோ பொழுதுபோகாமல் வரைந்த பூஜாடிப் படத்தைத் தேடித் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். போகட்டும், உலகம் முழுக்கக் கிறுக்குப் பிடித்தால் அதில் என் மகளுக்கு ஒரு பிழைப்பு கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக நீ சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல். இப்போது வெறும் துணி போதாதாம், அதன் பின்னால் ஒரு ஆள் இருந்த அடையாளம் வேண்டுமாம், காலரில் தைத்த பெயர், பையில் மறந்துபோன பஸ் டிக்கெட், சலவைக்கடைச் சீட்டு, அதனால் சீட்டைக் கழற்றாமல் அப்படியே அனுப்பு என்றாய். நானும் ஒரு சீட்டு விடாமல் குண்டூசியைச் சரிபார்த்து அனுப்பினேன்.

நம் கடையில் சீட்டு முறை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் நடந்தது. துணி வந்த அன்று நம்பர் போட்ட சீட்டில் பாதியைக் கிழித்து வந்தவர் கையில் கொடுப்போம், மறுபாதியைத் துணியில் குத்துவோம். ஒரு வருஷம் யாரும் வரவில்லை என்றால் பின்னறைக்குப் போகும். பிறகு நான் தபால் அட்டை போடுவேன், மூன்று தரம். உரிமையாளர் இறந்துவிட்டார், அல்லது எனக்கு வேண்டாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தால் மட்டும் அந்தத் துணியில் மஞ்சள் சீட்டு ஒன்றைச் சேர்த்துக் குத்துவேன். பதில் வராவிட்டாலும், ஆள் இல்லை என்று அட்டை திரும்பி வந்தாலும் இளஞ்சிவப்புச் சீட்டு. மஞ்சளை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், இளஞ்சிவப்பைத் தொடக்கூடாது. இது நான் வைத்த சட்டம், உன் அப்பாகூட மீறியதில்லை. உனக்காகப் பெட்டி கட்டியபோது மஞ்சள் சீட்டுத் துணிகளை மட்டும் நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். உன் அப்பா நான் ஒரு தரம் பார்க்கிறேனே என்று வந்தார், உங்களுக்கு மடிப்புதான் தெரியும், நிறம் என்ன தெரியும் என்று விரட்டிவிட்டேன். வருஷக்கணக்கில் டியூப்லைட் வெளிச்சத்தில் தொங்கினால் இளஞ்சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். என் கண்ணில் விழுந்திருக்கிற புரை இருக்கிறதே, அது பார்ப்பதை எல்லாம் மஞ்சளாகக் காட்டுமாம், டாக்டர் இப்போதுதான் சொல்கிறார். 417-ஆம் நம்பர் பச்சைக் கோட்டில் இருந்தது இளஞ்சிவப்புச் சீட்டு. நான்தான் அனுப்பினேன். என் கையால் மடித்து, நடுவில் காகிதம் வைத்து அனுப்பினேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் டிரைவர் பெண் ஒருத்தி சீருடையோடு கடைக்குள் வந்தாள். எதிரே உள்ள நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள், ஆறு நிமிஷம்தான் இருக்கிறது என்றாள். பர்சிலிருந்து பாதிச் சீட்டு ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள், மடிப்பில் இற்றுப்போய் இரண்டு துண்டாக இருந்தது, 417. அவளுடைய அம்மா இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த கோட்டாம். அந்த அம்மாள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள், இந்த வண்டி இந்த மேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை. பெரிய நகரத்து ரயில் நிலையத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது, அதற்குப் போட்டுக்கொண்டு போகத்தான் கோட்டை வெளுக்கக் கொடுத்திருக்கிறாள். அந்த வாரமே அவள் கணவன் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். போகவில்லை. கோட்டை வாங்கவும் வரவில்லை. அதற்கப்புறம் இந்தத் தெரு வழியாகவே அம்மா நடக்க மாட்டார்கள், என் கையைப் பிடித்து வேறு தெருவில் சுற்றிக்கொண்டு கூட்டிப் போவார்கள், ஏன் என்று எனக்குத் தெரியாது என்றாள் அந்தப் பெண். இப்போது அந்த அம்மாளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது. மகள் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆனால் கோட்டு நினைவிருக்கிறது. கோட்டை வாங்க வேண்டும், வண்டிக்கு நேரமாகிறது என்று வீட்டை விட்டு இறங்கிவிடுகிறாள், இரண்டு தரம் தெருவில் தொலைந்துபோய்ப் போலீஸ்காரர் கூட்டி வந்து விட்டிருக்கிறார். "கண்ணு முன்னாடி கோட்டைத் தொங்கவிட்டா வெளிய போறத நிறுத்திடுவாங்கன்னு ஒரு நம்பிக்கைம்மா, இருக்குமா உங்ககிட்ட?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், சொல். நம்மிடம் ஒரு துணி தொலைந்ததில்லை என்று நான் பீற்றிக்கொள்ளாத நாள் உண்டா. இருக்கும்மா, பின்னறையில் இருக்கும், தேடி எடுத்து வைக்கிறேன், திங்கட்கிழமை வா என்று சொன்னேன். அப்போது அது பொய்யில்லை, நிஜமாகவே இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவள் போனதும் பின்னறைக்குப் போய்க் கம்பி கம்பியாகத் தேடினேன். வெளுக்கும் முன்னால் கழற்றி வைக்கிற பொத்தான், புரோச் எல்லாம் நம்பர் போட்ட உறையில் மேஜை இழுப்பறையில் கிடக்கும் அல்லவா, அதில் 417 இருந்தது. உள்ளே சிவப்புப் பிளாஸ்டிக்கில் இரண்டு செர்ரிப் பழம் தொங்கும் புரோச். நீ எத்தனை கடிதத்தில் இந்த மாதிரி ஒன்று கிடைக்காதா என்று கேட்டிருக்கிறாய். உறையின் மேல் என் கையெழுத்தில் "பச்சைக் கோட்டு, காலரில்" என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் நீ அனுப்பிய படம், உன் கண்காட்சியில் நடுச்சுவரில் தொங்குகிற அதே பச்சைக் கோட்டு, பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கடிதம், கீழே சின்ன அட்டை. பெரிதாக அச்சடித்து நீ அனுப்பியதை நான்தான் பெருமை தாங்காமல் கவுண்டருக்கு நேரே ஒட்டி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் என் மகள் செய்தது என்று காட்டிக்கொண்டிருந்தேன். படத்தைக் கழற்றித் துணி மூட்டைக்கு அடியில் செருகினேன். உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். இப்போது சொன்னதுதான் முழுப் பொய். கோட்டு கிடைத்துவிட்டது, ரொம்ப நாள் தொங்கியதால் வாடை வீசுகிறது, ஒரு தரம் வெளுத்துத்தான் கொடுப்பேன், அடுத்த திங்கள் வா என்று சொன்னேன். சும்மா அனுப்ப மனசு வராமல் புரோச்சை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் இதை வாயில் வைத்துக் கடிப்பாளாம், அம்மா திட்டுவார்களாம், சொல்லிச் சிரித்தாள். நான் அசடு வழியச் சிரித்தேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், நீ அனுப்பிவிடுவாய், அவளுக்குத் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. கூப்பிட்டேன், நீ ஏணி மேல் இருந்தாய். அதற்கடுத்த திங்கள் அவள் வரும்போது கண் உள்ளே போயிருந்தது. புரோச் கைக்கு வந்ததிலிருந்து அந்த அம்மாள் அதை இரவு உடையிலேயே குத்திக்கொண்டு, புரோச் வந்துவிட்டது, கோட்டு தயாராக இருக்கிறது, திங்கட்கிழமை திங்கட்கிழமை என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறாளாம், கிழமை மட்டும் தவறாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். நான் பொத்தான் ஒன்று உடைந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றேன். மூன்றாவதாக இன்னொரு திங்கள் சொன்னேன். என் நாக்கு எப்படித்தான் புரண்டதோ. அன்றைக்கும் உன்னிடம் பேசினேன், அன்றுதான் நீ சேகரிப்பாளர் அம்மாள் வருவதைச் சொன்னாய்.

நேற்று அந்த மூன்றாவது திங்கட்கிழமை. பத்து மணி இருக்கும், கடையில் வேறு யாரும் இல்லை, கதவு மணி அடித்தது. இரவு உடைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், காலில் ஜோடி சேராத இரண்டு செருப்பு, ஸ்வெட்டரில் அந்தச் செர்ரிப் பழம். அந்த அறிவிப்பாளர் அம்மாளேதான், தன்னந்தனியாக, அந்தப் போக்குவரத்தைத் தாண்டி வந்திருக்கிறாள். மகள் பர்சிலிருந்து எப்போது எடுத்தாளோ, சீட்டுத் துண்டு இரண்டையும் கவுண்டரில் ஒட்டி வைத்து, என் கோட்டு என்றாள். நான் செய்ததை எழுதவே கூசுகிறது. நாலாவது கம்பியில் இன்னொரு பச்சைக் கோட்டு உண்டு, மஞ்சள் சீட்டுதான், அதை எடுத்து வந்து அவளுக்குப் போட்டுவிட்டேன். நினைவு தப்பியவள்தானே, தெரியவா போகிறது என்று நினைத்தேன். அவள் வலது பைக்குள் கையை விட்டு இரண்டு விரலால் துழாவினாள். "இதுல ஓட்டை இல்லையே, என்னோடதுல விரல் அந்தப் பக்கம் போகுமே" என்றாள். கழற்றினாள். நான் மடிப்பதைவிட அழகாக மடித்துக் கவுண்டரில் வைத்தாள். "இது வேற யாரோடதோ. அவங்க வந்து கேட்டா என்ன சொல்வீங்க?" என்று என்னையே கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நான் மூட்டைக்கு அடியில் ஒளித்த படத்தை உன் அப்பா கண்டெடுத்து, பாவம் எப்படியோ கீழே விழுந்துவிட்டது போல என்று பிரஸ்ஸுக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அதோ இருக்கே, அத எடுத்துத் தரதுக்கு என்ன" என்று கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள். உன் அப்பா ஒன்றும் புரியாமல் ஒதுங்கி வழிவிட்டார். படத்துக்குக் கிட்டே போய் நின்று, கோட்டின் கீழே இருக்கிற சின்ன அட்டையைப் படித்தாள். என் கண்ணுக்கு அந்த எழுத்து ஒரு நாளும் தெரிந்ததில்லை, உன் அப்பா படம் பார்ப்பாரே தவிர எழுத்துப் படிக்கமாட்டார், நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று நேற்றுதான் நாங்கள் கேட்டோம். கரகரப்பே இல்லாத குரல்டி அது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, ரயில் நிலையத்தில் கேட்கிற அதே குரல். "சலவைக்கடையில் இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்த கோட்டு. உரிமையாளர் திரும்பி வரவேயில்லை." அறிவிப்பு என்றால் இரண்டு தரம் சொல்ல வேண்டும் அல்லவா, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, யாரு வரலை, நான்தான் வந்துட்டேனே, நீங்கதானே திங்கக்கிழமை வரச் சொன்னீங்க என்று கேட்டாள்.

உன் அப்பா பிரஸ்ஸை அணைத்துவிட்டு, நான் இத்தனை வருஷம் கெஞ்சியும் உட்காராத ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் மகள் ஓடி வந்தாள், பக்கத்து வீட்டார் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள், பஸ்ஸை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டின் நிறத்திலிருந்து பொத்தான் வரைக்கும். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. அம்மாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நிறம் தெரியாம அனுப்பினது தப்பே இல்லம்மா. மூணு திங்கக்கிழமை சொன்னீங்களே. அதுக்கப்புறம் தான் நான் இவங்கள வெளிப்பக்கம் பூட்டிட்டு வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். எங்கம்மாவ நானே பூட்டி வைக்கிறேன், தெரியுமா உங்களுக்கு? இன்னிக்கு உள்ளேர்ந்து கத்தினாங்கன்னு பக்கத்து வீட்டுல பூட்ட உடைச்சு விட்டிருக்காங்க" என்றாள். கடை சாத்தும்போது உன் அப்பா மெதுவாக, ஒன்று யோசித்துப் பார், அவள் போக நினைத்த பெரிய நகரத்துக்கு அந்தக் கோட்டாவது போய்ச் சேர்ந்ததே என்றார். நல்ல மனுஷர், என்னைத் தேற்றத்தான் சொன்னார். கோட்டு போச்சு, அவ போகலையே, வாயை மூடிக்கிட்டு ஷட்டரை இழுங்க என்று சொல்லிவிட்டேன். உன் கண்காட்சிக்கு வருகிற யாரும் இதை அழகாகச் சொல்லலாம், நீயும் உன் மனசைத் தேற்ற இதையே பிடித்துக்கொள்வாய் என்று பயந்துதான் இங்கே எழுதுகிறேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. கோட்டின் உள்பையில், வெளுக்கும்போது எங்கள் கையில் படாமல் தப்பிய ஒரு கடிதம் கிடைத்தது, நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட கடிதம், நல்ல பொக்கிஷம் அம்மா என்று அன்றைக்கே போனில் துள்ளினாய். அதில் அவள் பெயர் இருக்கிறது. பெயர் எழுதிய கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடத் தெரிந்த உனக்கு, இது யாரம்மா, இருக்கிறாளா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. எனக்கும் தோன்றவில்லை, அப்போது கவுண்டரில் ஆள் நின்றான், அப்படியா கண்ணு என்று சொல்லிவிட்டு ஒரு கால்சட்டைக்குச் சீட்டு எழுதினேன். ஆகவே பாதிக் கோபம் என்மேல். வராதவளாக இருந்தால்தான் உன் சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கிறது போலிருக்கிறது. வந்து நிற்கிற பெண்ணுக்குப் பை ஓட்டை, ஜோடி சேராத செருப்பு எல்லாம் இருக்கிறது, அவளை எந்தச் சுவரில் மாட்டுவார்கள்.

கோட்டை இறக்கு. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே இறக்கு. உனக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியாமலில்லை, ஒரு வருஷ உழைப்பு, நடுச்சுவர் காலியாக நிற்கும், சேகரிப்பாளர் அம்மாள் கோபித்துக்கொண்டு மற்றதையும் வேண்டாம் என்று போய்விடலாம், உனக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் நல்ல பெயர் போகலாம். உன் இடத்தில் நான் இருந்தால் உட்கார்ந்து அழுவேன். அழு, பிறகு மடி. ஹேங்கரோடு அனுப்பாதே, தோள்பட்டை புடைத்துக்கொள்ளும். கைகளைப் பின்பக்கம் மடித்து, மடிப்புக்கு மடிப்பு மெல்லிய காகிதம் வை, செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பை ஓட்டையைத் தைத்துத் தொலைக்காதே. கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, எந்தப் பையில் இருந்ததோ அதே பையில் வை. மற்ற துணிகளை இறக்க வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றின் சீட்டையும் நல்ல வெயில் வெளிச்சத்தில் பார், பழுப்பாக இருப்பதை எல்லாம் தனியே எடுத்து வை, நம்பரை எனக்கு எழுது, தபால் அட்டை மறுபடி போடுகிறேன். சேகரிப்பாளர் அம்மாளிடம் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தையே கொடு, என் தப்பு வெளியே தெரிவதில் எனக்கு இனி வெட்கமில்லை.

இன்று காலையில் பஸ் டிரைவர் பெண் அம்மாவைத் தன் பஸ்ஸிலேயே கூட்டி வந்து கடையில் இறக்கிவிட்டாள். "வீட்டுல பூட்டி வைக்கிறதுக்குப் பதிலா இங்க இருக்கட்டும், கோட்டு வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க" என்று சொன்னாள், கேட்கவில்லை, சொன்னாள். சரி என்றேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். துணி வாங்க வருகிறவர்களின் நம்பரை நான் எடுக்கும்போது அவளே உரக்க இரண்டு தரம் அறிவிக்கிறாள், ஆட்கள் திடுக்கிட்டுச் சிரிக்கிறார்கள். கதவு மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து அந்தத் துண்டுச் சீட்டை என்னிடம் நீட்டுகிறாள். கோட்டு இன்னும் வரவில்லை, என் மகளிடம் இருக்கிறது, தூரத்து ஊர், வாங்கித் தருகிறேன் என்று ஒவ்வொரு தரமும் முழுதாகச் சொல்கிறேன். அவள் கேட்டுக்கொண்டு உட்காருகிறாள், மறந்துபோகிறாள், மறுபடி எழுகிறாள். இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் பதினோரு தரம் சொல்லிவிட்டேன். எனக்கு இது வேண்டும்தான்.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், தொட்டது துலங்க, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். என் ஆபரேஷனுக்கு நீ வர வேண்டாம், தம்பி இருக்கிறான், உன் வேலையைப் பார். ஒன்றை மட்டும் மறக்காதே. பார்சலின் மேல் கடை முகவரியைப் போடு, ஆனால் பெறுபவர் என்ற இடத்தில் என் பெயரையோ அப்பா பெயரையோ எழுதிவிடாதே, அந்தக் கடிதத்தில் இருக்கிற பெயரை எழுது. பெரிய எழுத்தில் எழுது. தபால்காரர் கொண்டு வரும்போது அவள் இங்கேதான் உட்கார்ந்திருப்பாள், தன் பெயரை இரண்டு தரம் படிப்பாள்.

உன்மேல் கோபமும் அதைவிடப் பாசமும் உள்ள,
அம்மா